வாயை மூடச் சொன்னால் மட்டும் போதுமா?

வகுப்பில் கேள்வி கேட்டால் முன்பெல்லாம் "தெரியல டீச்சர்" என்று பதில் வரும். இப்போது சில மாணவர்கள் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து 'உஷ்' காட்டுகிறார்கள். பிறகு அதே விரலால் காதுக்குக் கீழிருந்து மோவாய் வரை தாடையோரம் ஒரு கோடு இழுக்கிறார்கள். "நான் மியூயிங் செய்கிறேன், நாக்கு மேலே ஒட்டியிருக்கிறது, வாயைத் திறக்க முடியாது" என்பது அதன் பொருளாம். பின்வரிசை சிரிக்கும். முதல் தடவை நானும் சிரித்தேன்.

ஜான் மியூ, அவருடைய மகன் மைக் மியூ என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர்களின் பெயரிலிருந்து வந்ததுதான் 'மியூயிங்'. நாக்கை எப்போதும் மேல்வாயில் பதித்து வைத்திருந்தால் முகத்தின் வளர்ச்சியே மாறும் என்றார்கள் அவர்கள். டிக்டாக் அதைக் 'கூரான தாடை பெறும் வழி' என்று சுருக்கிக்கொண்டது. இப்படித் தாடையைச் செதுக்க முடியும் என்பதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் அறிவித்துவிட்டது. ஆகவே, தாடைக்காக இதைச் செய்கிறவர்கள் கையை இறக்கிவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

ஆனால் நாக்கு வாய்க்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று. அதைச் சுற்றி நூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு சிகிச்சை முறை வளர்ந்து வந்திருக்கிறது. வாய், முகத் தசைப் பயிற்சிச் சிகிச்சை என்று அதைச் சொல்லலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், முகத் தசைகளுக்கு உடற்பயிற்சி தருவதைப் பற்றி 1918இல் எழுதினார். பற்களைச் சுற்றியுள்ள தசைகளை 'உயிருள்ள பல் கம்பிகள்' என்று அவர் பின்னாளில் அழைத்தார். அழகான பெயர். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நாக்கு இப்போது எங்கே?

இந்த வரியைப் படித்ததும் அசையாமல் கவனியுங்கள். உங்கள் உதடுகள் மூடியிருக்கின்றனவா? மூச்சு மூக்கு வழியாகவா, வாய் வழியாகவா? நாக்கின் நுனி எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது?

பேசாமல், சாப்பிடாமல் சும்மா இருக்கும்போது உதடுகள் இறுக்கமின்றி மூடியிருக்க வேண்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று கடிக்காமல் சற்றே விலகியிருக்க வேண்டும். நாக்கின் நுனி, மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் படிந்திருக்க, அதன் உடல் மேல்வாயோடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சு மூக்கில் ஓடும். சிகிச்சையாளர்கள் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித் தருவது அந்த மேட்டைக் கண்டுபிடிக்கத்தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது எளிது. பந்து, பன்றி, பண்டம் என்று மூன்று சொற்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ந்' வரும்போது நாக்கு பல்லில் முட்டுகிறது. 'ன்' வரும்போது பல்லை விட்டுச் சற்றுப் பின்னே மேட்டில் நிற்கிறது. 'ண்' வரும்போது நுனி வளைந்து இன்னும் உள்ளே போகிறது. நமக்கு வேண்டியது நடுவில் உள்ள 'ன்' இடம். மூன்று ணகர, நகர, னகரங்களையும் கலந்து எழுதிவிட்டு "எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்" என்று கேட்பவர்கள் இப்போது நாக்கிடமே கேட்டுக்கொள்ளலாம். எந்த ஒலிக்கு நுனிநாக்கு அண்ணத்தில் எங்கே படுகிறது என்று தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அண்ணம் என்றால் மேல்வாய்.

நாக்கைப் பற்றி இன்னொன்று. 'உடலிலேயே வலிமையான தசை நாக்கு' என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலில் நாக்கு ஒரு தசை அன்று. எட்டு வகைத் தசைகள் சேர்ந்தது. நான்கு வகை நாக்குக்கு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்து, அதன் வடிவத்தை மாற்றுகின்றன. மற்ற நான்கும் தாடை, தொண்டை எலும்பு, மண்டையோடு, மேல்வாய் ஆகியவற்றிலிருந்து வந்து அதன் இடத்தை மாற்றுகின்றன. உள்ளே எலும்பே இல்லை. நீர் நிரப்பிய பலூனை ஒரு பக்கம் பிதுக்கினால் மறுபக்கம் நீள்வதுபோல, ஒரு திசையில் சுருங்கி மறு திசையில் நீள்கிறது. யானையின் துதிக்கையும் ஆக்டோபஸின் கையும் வேலை செய்வது இதே முறையில்தான்.

வலிமையையும் அளந்திருக்கிறார்கள். காற்று நிரப்பிய ஒரு சிறு குமிழை மேல்வாய்க்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து அழுத்தச் சொன்னால், ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் தரக்கூடிய உச்ச அழுத்தம் சுமார் 60 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்று படித்திருப்பீர்கள். அதில் பாதிக்கும் மேல். குறைவில்லைதான். ஆனால் பல்லை நகர்த்துவது இந்த உச்ச அழுத்தம் அன்று.

பத்து நிமிடமும் இருபத்து நான்கு மணி நேரமும்

பற்கள் எலும்பில் சிமெண்ட் போட்டு ஒட்டியவை அல்ல. ஒவ்வொரு பல்லும் மெல்லிய நார்களால் எலும்புக் குழியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து உதடும் கன்னமும் தள்ள, உள்ளிருந்து நாக்கு தள்ள, இடையில் பல் நிற்கிறது. ஒரு பக்கம் தொடர்ந்து தள்ளினால் அந்தப் பக்கத்து எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிய எலும்பு உருவாகிப் பல் நகர்கிறது. பல் கம்பி செய்வதும் இதுதான். ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் எடைக்குச் சமமான விசையே போதும். ஒரு கோழிமுட்டை ஏறக்குறைய 60 கிராம்.

1950களிலும் 60களிலும் சிகிச்சையாளர்களின் கவனமெல்லாம் விழுங்குவதில் இருந்தது. சில குழந்தைகள் விழுங்கும்போது நாக்கை மேல்வாயில் அழுத்தாமல் முன்பற்களுக்கு இடையே நீட்டித் தள்ளுவார்கள். இதை நாக்குத் தள்ளல் என்பார்கள். பால்குடிக்கும் வயதில் இது இயல்பு. வளர்ந்த பிறகும் தொடர்ந்தால் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுந்திருப்பதைப் பார்க்கலாம். 'நாக்கு தள்ளுவதால்தான் இடைவெளி' என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அமெரிக்கப் பல் சீரமைப்புப் பேராசிரியர் வில்லியம் புரோஃபிட் 1978இல் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தார். அந்த மாதிரிக் கணக்கை நாமும் போடலாம். ஒரு நாளில் ஒருவர் சுமார் 600 தடவை விழுங்குகிறார் என்று வையுங்கள். எச்சில் விழுங்குவதும் இதில் சேர்த்தி. ஒரு தடவை விழுங்க ஒரு விநாடி. ஆக 600 விநாடி, அதாவது 10 நிமிடம். பல் நகர வேண்டுமானால் மிதமான விசை ஒரு நாளில் ஏறக்குறைய 6 மணி நேரமாவது தொடர வேண்டும். 10 நிமிடம் எங்கே, 6 மணி நேரம் எங்கே! நாக்கு எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பத்து நிமிடத்தில் அது முடியாத காரியம்.

அப்படியானால் பல்லை நகர்த்துவது எது? விழுங்காத மீதி நேரத்தில் நாக்கு சும்மா கிடக்கும் இடம். நாக்கு கீழே, முன்பற்களுக்கு நடுவே சோம்பிக் கிடந்தால் அந்த மெல்லிய அழுத்தம் பகலும் இரவும் ஓய்வதில்லை. மேலே நாக்கு இல்லாததால், மேல்தாடையைக் கன்னங்கள் மட்டும் இரு பக்கமும் அழுத்துகின்றன. இடைவெளி முதலில் வந்து, அதை அடைக்கத்தான் நாக்கு நீள்கிறது என்பதும் பல குழந்தைகளிடம் உண்மை. நாக்கு எட்டிப் பார்க்காவிட்டால் விழுங்கும்போது உணவு வெளியே வந்துவிடுமே.

விரல் சூப்புவதற்கும் இதே கணக்குதான். தூக்கம் வரும்வரை ஐந்து நிமிடம் சூப்பிவிட்டு விரலை எடுத்துவிடும் குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரவு முழுவதும் விரல் வாயிலேயே கிடந்தால், அதுவும் 6 வயதுக்கு மேல் நிலைப்பற்கள் முளைக்கும் காலத்தில் தொடர்ந்தால், பல் வரிசை விரலுக்கு வழிவிட்டுவிடும். வீட்டில் தம்பி தங்கையின் விரலில் வேப்பெண்ணெய் தடவும் பாட்டிகள் இந்த 6 வயதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மூக்கு

நாக்கு ஏன் கீழே கிடக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பயிற்சி தொடங்குவதில் பயனில்லை. மிகப் பொதுவான விடை, மூக்கு அடைத்திருக்கிறது என்பதே. வாயால் மூச்சுவிட வேண்டுமானால் தாடை இறங்க வேண்டும், நாக்கும் வழிவிட்டு இறங்க வேண்டும். வேறு வழியில்லை.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். மூக்கு இவ்வளவு காற்றையும் வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கித் தொண்டைக்கு அனுப்புகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவையும் அதில் சிறிது கலந்துவிடுகின்றன. வாய்க்கு இந்த வசதிகள் இல்லை. புகைமூட்டக் காலத்தில் வாயைத் திறந்துகொண்டு திடலில் ஓடியவர்களுக்குத் தொண்டை சொல்லியிருக்கும்.

மூக்கின் பின்புறம், தொண்டை தொடங்கும் இடத்தில் அடினாய்டு என்ற சதை இருக்கிறது. கிருமியோடு போராடும் சதை அது. சிறு குழந்தைகளிடம் பெரிதாக இருந்து, பதின்ம வயதில் சுருங்கிவிடும். சிலருக்கு அது மூச்சுப் பாதையையே அடைக்கும் அளவுக்கு வீங்கும். டென்மார்க் நாட்டு மருத்துவர் வில்லெம் மேயர் 1868இலேயே இதை விவரித்தார். எப்போதும் வாய் திறந்தபடி, காது மந்தமாக, படிப்பில் பின்தங்கியிருக்கும் குழந்தைகள் சிலரிடம் உண்மையில் இருந்தது மந்தபுத்தி அன்று, மூக்கடைப்பு என்று காட்டியது பெரிய விஷயம். இதைத் தவிர ஒவ்வாமை, வளைந்த மூக்குத்தண்டு, வீங்கிய டான்சில் எல்லாம் காரணமாகலாம். நம் நாட்டு ஈரத்தில் மெத்தையில் குடியிருக்கும் தூசுப்பூச்சிகளையும் மறக்க வேண்டாம்.

மூக்கடைப்புக்கும் முக வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, எகில் ஹார்வோல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்துப் பார்த்தார்கள். 1981இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்குக் குரங்குகள் மேல் இரக்கம்தான் வருகிறது. ஆனால் முடிவு முக்கியமானது. குரங்குகளின் பல் வரிசையும் தாடையும் மாறின. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. சில நாக்கை நீட்டி மூச்சுவிடப் பழகின, சில தாடையைத் தொங்கவிட்டன, சில அடிக்கடி வாயைத் திறந்து மூடின. எது எப்படித் தசையைப் பழக்கியதோ அதற்கேற்பப் பற்களும் நகர்ந்தன. காற்று வாய் வழியாகப் போவது மட்டும் முகத்தை மாற்றவில்லை. தசைகள் நாள் முழுக்க எடுத்துக்கொண்ட நிலைதான் மாற்றியது.

அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே பயிற்சி கொடுக்க மாட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். மூக்கு அடைத்த குழந்தையிடம் "வாயை மூடு, வாயை மூடு" என்று சொல்லிக்கொண்டிருப்பது, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வரச் சொல்வதைப் போன்றது. இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் காணொளிகளும் இப்போது வலம் வருகின்றன. மூக்கடைப்போ உறக்கத்தில் மூச்சுத் தடையோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தம்பி தங்கைகளிடம் முயன்று பார்க்கவே கூடாது.

சிகிச்சை அறையில்

மூக்கு திறந்துவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. பல ஆண்டுகளாகத் தொங்கிப் பழகிய தாடையும் கீழே கிடந்து பழகிய நாக்கும் சொன்னவுடன் மாறுவதில்லை. தசைப் பயிற்சியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அறையில் பெரிய இயந்திரம் ஏதும் இருக்காது. ஒரு கண்ணாடி, ஒரு தட்டைக் குச்சி, உறிஞ்சுகுழல், தண்ணீர், நூல் கட்டிய ஒரு பெரிய பொத்தான், பல் கம்பியில் மாட்டும் குட்டி ரப்பர் வளையங்கள், அவ்வளவுதான். பொத்தானைப் பல்லுக்கும் உதட்டுக்கும் இடையே வைத்து உதட்டை மூடிக்கொள்ள வேண்டும். சிகிச்சையாளர் நூலை மெல்ல இழுப்பார். பொத்தான் வெளியே வராமல் உதடு பிடித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வளையத்தை நாக்கின் நுனியில் வைத்து, அந்த 'ன்' மேட்டில் ஒட்டிப் பிடித்து, வளையம் விழாமல் எச்சில் விழுங்க வேண்டும். முழு நாக்கையும் மேல்வாயில் உறிஞ்சிப் பிடித்து 'டொக்' என்று சத்தம் வரும்படி விட வேண்டும். குதிரை ஓடும் சத்தம் என்று சொன்னால் சிறு பிள்ளைகள் உற்சாகமாகச் செய்வார்கள். பசியாறும்போது ரொட்டி சானாயை ஒரே பக்கம் தள்ளி மெல்லாமல் இரண்டு பக்கமும் மாற்றி மென்று, உதட்டை மூடி விழுங்குவதும் பயிற்சிதான்.

முதல் சில வாரங்கள் இப்படித் தசைக்கு வேலை. அடுத்தது விழுங்கும் முறை. மூன்றாவதுதான் கடினம். தொலைக்காட்சி பார்க்கும்போதும் பாடம் எழுதும்போதும் நாக்கு தானாக மேலே போய்ப் படுத்துக்கொள்ளும்வரை பழக்க வேண்டும். கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் அழகாகச் செய்துவிட்டு மீதி நேரம் வாயைப் பிளந்துகொண்டிருந்தால், மேலே போட்ட கணக்கு மறுபடி நம்மைத் தோற்கடித்துவிடும். ஆகவே புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வண்ண ஒட்டி, மேசை விளக்கில் ஒரு புள்ளி என்று நினைவூட்டிகள் வைப்பார்கள். கண்ணில் பட்டதும் நாக்கு எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும். பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மேல்வாயின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் ஒரு பொருத்து உள்ளது. சிறு வயதில் அது இறுகியிருக்காது, வயது ஏற ஏற இறுகும். அதனால் குழந்தைப் பருவத்தில் செய்வதற்கும் பதினாறு வயதில் செய்வதற்கும் பலன் ஒன்றாக இராது. பல் கம்பி போட்ட மாணவர்களுக்கு இன்னொரு பயன் சொல்கிறார்கள். நாக்கின் இடத்தை மாற்றாமல் கம்பியை மட்டும் கழற்றினால் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம்.

நாக்கின் அடியில் உள்ள சவ்வு சிலருக்குக் குட்டையாக இருந்து நாக்கைக் கட்டிப்போடும். இவர்களால் நாக்கை மேலே தூக்கவே முடியாது. பிரேசிலில் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் இந்தச் சவ்வைப் பரிசோதிக்க வேண்டும் என்று 2014இல் சட்டமே போட்டுவிட்டார்கள். தேவையில்லாமல் வெட்டிவிடும் போக்கும் உலகில் பல இடங்களில் உள்ளதால், மருத்துவர்களிடையே இதில் வாக்குவாதம் நடக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். பலூன் ஊதினால், ஊதல் ஊதினால் உச்சரிப்பு திருந்திவிடும் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். 'ழ' வராத குழந்தைக்கு 'ழ' வர வேண்டுமானால் 'ழ'வைச் சொல்லித்தான் பழக வேண்டும். ஊதலுக்கு நாக்கு செய்யும் அசைவு வேறு, பேச்சுக்குச் செய்யும் அசைவு வேறு.

சிரித்தால் கண் மூடும் முகம்

இதே துறையில் பெரியவர்களுக்கான வேலை வேறு மாதிரி. ஒரு நாள் காலையில் எழுந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் அசையவில்லை. முகத்தை இயக்கும் ஏழாவது மண்டை நரம்பு வீங்கிச் செயலிழப்பதால் வருவது பெல் முகவாதம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பெல் 1821இல் இந்த நரம்பைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். பத்தில் ஏழு பேருக்கு அது தானாகவே முழுமையாகக் குணமாகிவிடும். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆனால் முகம் கோணுவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், உடனே 999.

முழுமையாகக் குணமாகாத சிலருக்கு விசித்திரமான ஒன்று நடக்கும். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மீண்டும் வளர்ந்து வரும்போது, சில இழைகள் தவறான தசையில் போய்ச் சேர்ந்துவிடும். வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போனால், சிரிக்கும்போதெல்லாம் ஒரு கண் மூடிக்கொள்ளும். 'பலமாக இழு, பலமாகச் சிரி' என்று பயிற்சி கொடுத்தால் இது மோசமாகும். இவர்கள் கண்ணாடி முன் உட்கார்ந்து, கண் மூடாத அளவுக்கு மட்டும், மிக மெதுவாக, மிகச் சிறிதாகச் சிரிக்கப் பழகுகிறார்கள்.

இரவில் நடப்பது

எனக்கு இந்தச் சிகிச்சையில் மிகவும் வியப்பாக இருப்பது இரவுப் பகுதி. நாக்கை முன்னே இழுத்துப் பிடித்திருக்கும் தசை, தூக்கத்தில் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையைக் குறுக்குகிறது. பபிள் டீ குடிக்கும்போது உறிஞ்சுகுழலில் மாவு உருண்டை சிக்கிக்கொண்டால் என்ன நடக்கும்? பலமாக உறிஞ்ச உறிஞ்ச, ஊறிப்போன காகிதக் குழலின் சுவர்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அப்படிப்பட்ட மென்மையான குழல்தான். சுவர் அதிர்ந்தால் குறட்டை. ஒட்டியே போய்விட்டால் மூச்சு நின்றுவிடும். மூளை திடுக்கிட்டு எழுப்பும், மூச்சு வரும், மறுபடி தூக்கம். இது ஒரு மணி நேரத்தில் பல தடவை நடந்தால் அது உறக்க மூச்சுத்தடை நோய். தூங்கியவருக்குக் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. களைப்பு மட்டும் இருக்கும். லாரியோ பேருந்தோ ஓட்டும் அப்பாவுக்கு அந்தக் களைப்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரேசிலில் காத்தியா கிமராய்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மிதமான மூச்சுத்தடை உள்ள 31 பெரியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் சுமார் 30 நிமிடம் நாக்கு, மென்னண்ணம், கன்னம் ஆகியவற்றுக்குப் பயிற்சி செய்தது. மறு குழுவுக்கு வெறும் ஆழ்மூச்சுப் பயிற்சி. மூன்று மாதத்துக்குப் பிறகு, முதல் குழுவில் மணிக்கு 22.4 ஆக இருந்த மூச்சுத்தடை 13.7 ஆகக் குறைந்தது. மறு குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2009இல் இது வெளிவந்தது.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு சுவிட்சர்லாந்தில் இன்னொரு சோதனை. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் நீண்ட மரக்குழல் கருவியான டிஜெரிடூவை ஊதக் கற்றுக்கொண்ட ஒருவருக்குக் குறட்டை குறைந்ததாகத் தெரியவந்ததும், ஆய்வாளர்கள் 25 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் நான்கு மாதம் டிஜெரிடூ ஊதினார்கள், மீதிப் பேர் காத்திருந்தார்கள். ஊதியவர்களுக்கு மூச்சுத்தடையும் பகல் தூக்கமும் குறைந்தன. பக்கத்தில் படுத்திருந்தவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2017இல் இவர்களுக்குக் கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? அமைதி!

சிரித்த கையோடு எண்களைப் பாருங்கள். 31 பேர், 25 பேர். இவை சிறிய ஆய்வுகள். இந்தப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில் 9 ஆய்வுகள்தாம் தேறின. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 347 பேர். அவர்களில் குழந்தைகள் 13 பேர் மட்டுமே. பலன் இருக்கலாம், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்பதே அதன் தீர்ப்பு. எனவே இன்றைக்கும் கடுமையான மூச்சுத்தடைக்கு முதன்மைச் சிகிச்சை, 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்த முகமூடிதான். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு அறுவைச் சிகிச்சை. பயிற்சி இவற்றுக்குத் துணையாக வரலாம். இவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு "நான் நாக்குப் பயிற்சி செய்கிறேன்" என்று சொல்லக்கூடிய நிலை இன்னும் வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் அப்படிச் சொல்லித் தருகிறவர்களிடம், எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், ஒப்பீட்டுக் குழு எது என்று கேளுங்கள். அறிவியல் பாடத்தில் கட்டுப்பாட்டு மாறி என்று படித்தது இதற்காகத்தான்.

100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு உறக்க மூச்சுத்தடை உண்டு என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு நடுத்தரப் பள்ளியில் இதைப் பெருக்கிப் பாருங்கள். பெரியவர்களைப் போல இவர்கள் எப்போதும் தூங்கி வழிவதில்லை. பலர் நேர்மாறாகத் துறுதுறுவென்று, கவனம் சிதறி, எரிச்சலோடு இருப்பார்கள். ஆசிரியர் அறையில் இவர்களுக்குச் 'சோம்பேறி', 'அடங்காதவன்' என்ற பெயர்கள் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. இரவில் எப்படித் தூங்குகிறாய் என்று கேட்பவர்கள் குறைவு.

நம் நாட்டில் பேச்சுச் சிகிச்சையை ஒரு பட்டப்படிப்பாக முதலில் தொடங்கியது மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், 1995இல். இன்று பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நேராக அவர்களிடம் போவதைவிட, அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதே வழக்கம். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினரிடமும் கேட்கலாம். அவர்கள் வாய்க்குள் பார்க்கும்போது "இவன் எப்பவும் வாயைத் திறந்துதான் தூங்குறான்" என்ற ஒரு வாக்கியம் பல் சொத்தையைவிட முக்கியமான தகவலாக இருக்கலாம்.

போகுமுன் ஒரு வேலையை நீங்களே செய்யலாம். தம்பியோ தங்கையோ நன்றாகத் தூங்கிய பிறகு, அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். வாய் திறந்திருக்கிறதா, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குகிறார்களா, குறட்டை நடுவில் நின்று பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்பது அதில் பதிவாகட்டும். இருட்டில் படம் தெளிவாக இல்லாவிட்டாலும் சத்தம் கேட்டால் போதும். கிளினிக்கில் குழந்தை விழித்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மருத்துவர் பார்க்க முடியாத அந்த இரவு உங்கள் கைப்பேசியில் இருக்கும்.